ஒரு மணி நேரம் பறக்க, அரை நாள் தரையில்... ஹெலிகாப்டர் மாணவரின் ஒரு நாள்!

தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால், எந்த வயதுக்காரராக இருந்தாலும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்போம். அதை ஓட்டக் கற்றுக்கொள்பவரின் நாள் எப்படி இருக்கும்? பெரும்பாலும் தரையில்தான் கழியும்! வானத்தில் ஒரு மணி நேரம் என்றால், அதற்கான ஏற்பாடும் பாடமும் அரை நாளை விழுங்கிவிடும்.

அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகளில் பல மாணவர்கள் முதன்முதலில் ஏறுவது 'ராபின்சன் ஆர்22'. ஃபிராங்க் ராபின்சன் என்ற பொறியாளர் உருவாக்கி, 1979-ல் அரசு அங்கீகாரம் பெற்ற குட்டி ஹெலிகாப்டர் இது. இரண்டே இருக்கைகள். ஆட்கள், எரிபொருள் எல்லாம் சேர்த்தே அதிகபட்ச எடை சுமார் 620 கிலோதான்.

முதலில் எடை மெஷின்

அதனால் மாணவரின் நாள் எடைக் கணக்கில்தான் தொடங்குகிறது. மாணவர் எவ்வளவு, பயிற்றுநர் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க வேண்டும். எடை கூடினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். ஹெலிகாப்டரைத் தூக்கும் திறனும் குறையும். காலையில் சரியாக இருந்த கணக்கு மதியம் சரிவராமல் போகலாம்.

அடுத்தது, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றி வருவது. எரிபொருளைச் சிறிய கண்ணாடிக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறார். ஆயில் அளவு, இன்ஜினையும் இறக்கைகளையும் இணைக்கும் பெல்ட், வால் பக்க விசிறி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். அதிகம் சூடானால் நிறம் மாறும் ஒட்டுப்பட்டைகளையும் கவனிக்கிறார். இதில் அவசரம் காட்டினால், அன்றைய பாடம் அங்கேயே நின்றுவிடும்.

கயிறு அறுத்த கன்றுக்குட்டி

மாணவர் வலது இருக்கையில் உட்கார, பயிற்றுநர் இடது பக்கம். வலது கையில் 'சைக்ளிக்'. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்க்க. இடது கையில் 'கலெக்டிவ்'. மேலே ஏற, கீழே இறங்க. இரண்டு கால்களும் பெடலில், மூக்கைத் திருப்ப.

சிக்கல் என்னவென்றால், ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிசெய்ய வேண்டும். கலெக்டிவ்வை உயர்த்தினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். உடனே இடது பெடலை மிதிக்க வேண்டும். அதற்குள் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் நகரத் தொடங்கியிருக்கும்!

தரையிலிருந்து சில அடி உயரத்தில் அசையாமல் நிற்பதற்கு 'ஹோவர்' என்று பெயர். பார்க்கச் சுலபம். ஆனால், முதல் சில நாள்களில் கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி ஹெலிகாப்டர் திடல் முழுக்க ஓடும். காரணம், கையை அசைத்த பிறகு இயந்திரம் நகரச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் பொறுமையிழந்து மாணவர் இன்னும் கொஞ்சம் அசைத்துவிடுவார். அதனால் பயிற்றுநர்கள் முதலில் ஒரு கட்டுப்பாட்டை மட்டும் கொடுத்துப் பழக்குகிறார்கள். "கீழே பார்க்காதீர்கள், தூரத்தில் பாருங்கள்" என்பது அடிக்கடி கேட்கும் அறிவுரை. சைக்கிள் பழகியது போல, ஒருநாள் திடீரென்று பிடிபட்டுவிடும்.

இன்ஜின் நின்றால்?

இன்ஜின் நின்றுவிட்டால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்று பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. பனையோலைக் காத்தாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் எதிர்க்காற்றில் அது சுற்றுமே, அதே கதைதான். கலெக்டிவ்வை உடனே இறக்கினால், கீழிருந்து வரும் காற்றே இறக்கைகளைச் சுழல வைக்கும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, கடைசி நொடியில் கலெக்டிவ்வை உயர்த்தி மெதுவாக இறங்கலாம். இதுதான் 'ஆட்டோரொட்டேஷன்'.

ஆனால், அந்த 'உடனே' மிக முக்கியம். ஆர்22-ன் இறக்கைகள் லேசானவை. சுழலும் வேகம் சட்டென்று குறைந்துவிடும். யோசிக்க நேரம் கிடையாது, கை தானாக இறங்க வேண்டும். அதனால்தான் இதே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். கொஞ்ச நாளில் மாணவரின் பார்வையே மாறிவிடும். அழகான ஏரியையோ வயலையோ கடக்கும்போதும், 'இப்போது இன்ஜின் நின்றால் எங்கே இறங்குவேன்?' என்றுதான் மனம் தேடும்.

விபத்துகளுக்குப் பிறகு, அமெரிக்க அரசு 1995-ல் இந்த ஹெலிகாப்டருக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. இதன் ஆபத்துகள் பற்றிய பாடத்தை முடித்த பிறகே கட்டுப்பாடுகளைத் தொட முடியும். பயிற்றுநருடன் குறைந்தது 20 மணி நேரம் பறந்த பிறகே தனியாகப் பறக்க முடியும்.

'இன்று வேண்டாம்'

ஒரு மணி நேரப் பயிற்சிக்கே சில நூறு டாலர்கள் ஆகும். பறந்த நேரத்தை 6 நிமிடக் கணக்கில் குறிக்கிறார்கள். கடன் வாங்கியோ, வேலைக்கு விடுமுறை போட்டோ வந்திருக்கும் மாணவருக்கு ஒவ்வொரு 6 நிமிடமும் பணம். அந்த நேரம் பார்த்துக் காற்று வலுக்கிறது, மேகம் இறங்குகிறது. வந்தது வந்தோம், ஒரு சுற்று போய்விட்டு வரலாமா?

பயிற்சியிலேயே கஷ்டமான கேள்வி இதுதான். பறந்துகொண்டிருக்கும்போது வானிலை மோசமானாலும் இதே கேள்விதான். பாதுகாப்பான வெற்றிடம் ஒன்றில் இறங்கிக் காத்திருக்க ஹெலிகாப்டரால் முடியும். ஆனால், போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற பிடிவாதம் விடாது. அமெரிக்க ஹெலிகாப்டர் துறையின் சங்கம், 'தரையிறங்கு, உயிரோடிரு' என்ற பொருளில் ஒரு பிரசாரமே நடத்தியது. பறக்காமல் வீடு திரும்பிய நாளும் பயிற்சி நாள்தான் என்று புரியச் சிலருக்கு மாதங்கள் ஆகும்.

அப்படி வீடு திரும்பினாலும் பாடம் உண்டு. வானிலை, விதிகள், காற்றியக்கவியல் என்று புத்தகங்கள் காத்திருக்கும். நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, இல்லாத கலெக்டிவ்வை இறக்கிப் பழகுபவர்களும் உண்டு.

அரக்கோணத்தில்...

நம் ஊரிலும் ஹெலிகாப்டர் வகுப்புகள் நடக்கின்றன. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி, அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில்தான் இருக்கிறது. 2024 ஜூனில் அங்கு பயிற்சி முடித்த 21 அதிகாரிகளில் ஒருவர் சப் லெப்டினன்ட் அனாமிகா பி.ராஜீவ். கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் அவர்!

மாணவரே பயிற்றுநர்

அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஓட்டிச் சம்பாதிக்கும் உரிமம் பெற, பொதுவாகக் குறைந்தது 150 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆனால், பல நிறுவனங்கள் 1,000 மணி நேர அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. அத்தனை மணி நேரத்துக்குச் சொந்தக் காசு போட யாரால் முடியும்? அதனால் பலரும் அடுத்த உரிமத்தையும் வாங்கிக்கொண்டு பயிற்றுநராகிவிடுகிறார்கள். ஆர்22-ல் கற்றுக்கொடுக்க, குறைந்தது 200 மணி நேர ஹெலிகாப்டர் அனுபவம் தேவை.

சில மாதங்களுக்கு முன்பு ஹோவர் வராமல் திணறியவர், இப்போது இடது இருக்கையில். வலது பக்கம் புது மாணவர். கன்றுக்குட்டி மறுபடியும் ஓடத் தொடங்குகிறது. சைக்ளிக்கைப் பிடுங்கத் துடிக்கும் கையை அடக்கிக்கொண்டு, "தூரத்தில் பாருங்கள்" என்கிறார் புதிய பயிற்றுநர்.