மார்வலியெல்லாம் மாரடைப்பன்று

மார்பில் வலியென்றவுடன் மாரடைப்பென்று அஞ்சுவது இயல்பே. அவ்வச்சம் ஒருவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்குமாயின் அதை நாம் குறைகூறோம். ஆயினும், இருதயத்தைப் போர்த்திருக்கும் மெல்லிய உறையில் அழற்சி கண்டாலும் கடுமையான மார்வலி உண்டாகுமென்பதை நம் நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

இவ்வலி மூச்சை ஆழ இழுத்தாலும் மல்லாந்து படுத்தாலும் மிகும். எழுந்து முன்குனிந்து உட்கார்ந்தால் தணியும். டாக்டர் குழல் வைத்துக் கேட்கையில் கரகரவென்ற உராய்வொலி கேட்கலாம். இ.ஸி.ஜி. படத்தின் பெரும்பாலான பகுதிகளில் மாறுதல் தோன்றும். உறைக்குள் நீர் கோத்திருந்தால் எக்கோ பரிசோதனை காட்டிவிடும். இந்நான்கு குறிகளில் இரண்டேனும் இருந்தால் வைத்தியர்கள் இந்நோயென்று துணிவார்கள். வீட்டிலிருந்தபடி நாமே தீர்மானித்துக்கொள்வது பேதைமை. நீர் பெருகி இருதயத்தை நெருக்குமாயின், ஊசியிட்டு உடனே அதை வடித்தாலன்றி உயிருக்கே அபாயம்.

சிகிச்சைக்கு முன் காரணத்தை ஆராய்தல் அவசியம். மேனாடுகளில் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளே காரணமென்று கருதுகிறார்கள். நம் தேசத்திலோ க்ஷயரோகமும் ஒரு முக்கிய காரணமாகும். அதற்கு ஆறு மாதம் க்ஷய மருந்துகளைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும். மற்றையோரில் பெரும்பாலோர்க்கு ஆஸ்பிரின் அல்லது இபுப்ரோபனுடன் கால்சிசின் என்ற மருந்தை மூன்று மாதம் கொடுக்கிறார்கள். இத்தாலியில் 240 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2013-ல் வெளியாயிற்று. கால்சிசின் பெற்ற 120 பேரில் 20 பேருக்கே நோய் நீடித்தது அல்லது திரும்பிற்று. பெறாத 120 பேரில் 45 பேர் அவ்வாறு துன்புற்றனர். ஸ்டீராய்டு மாத்திரை வலியை விரைவில் அடக்கும். ஆனால் தொடக்கத்திலேயே அதைக் கையாண்டால் நோய் மீண்டும் வருவது அதிகமாகிறது.

இக்கால்சிசின் நமக்கு அந்நியமான பொருளன்று. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அது உண்டு. கண்வலிக்கிழங்கென்று நம் உழவர் பயிரிடும் அக்கொடியின் விதைகள் அயல்நாட்டு மருந்துச்சாலைகளுக்கும் செல்கின்றன. அதே கிழங்கைத் தின்று மாண்டவர்களும் உண்டு. மருந்தென்பதும் நஞ்சென்பதும் அங்கே அளவைப் பொறுத்ததே. ஆதலின் ஒருவரும் அதைத் தாமே உண்டு பார்க்கத் துணியலாகாது.

வலி நின்ற அன்றே மருந்தை நிறுத்துவது நம்மவரிடம் ஊறிய வழக்கம். இந்நோயில் அவ்வழக்கம் பெருந்தீங்காய் முடியும். வலி தீர்ந்தது வேறு, நோய் தீர்ந்தது வேறு. வைத்தியர் விதித்த நாள்வரை மருந்தையும் ஓய்வையும் கைவிடாதிருத்தலே விவேகம்.