பட்டாளத்து ஜீப்பும் அதை வளர்ப்பவர்களும்

(இறுதியாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



நம் ஆட்டோமொபைல் ஒர்க்‌ஷாப்பின் பின்புறம், வேப்பமரத்தடியில் ஒரு ஜீப் நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் மட்கார்டில் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிடாதவர்கள் நம்மில் குறைவு. நான்கு டயரும் காற்றுப் போய், பானெட்டில் காக்கை எச்சத்தோடு நிற்கும் அந்த வண்டியைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். மேலே நீலம், அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் கரும்பச்சை. ஆம், அது பட்டாளத்திலிருந்து வந்த வண்டி. டிஸ்போசலில் கழித்த பிறகு, மாணவர்கள் பிரித்து மாட்டிப் பழகுவதற்காக நம் கல்லூரிக்கு வந்தது.

இப்போது அது கண்டம் செய்யும் பட்டியலில் இருக்கிறது. அடுத்த ஏலத்தில் கிலோ கணக்கில் போய்விடும். போகட்டுமே, பழைய இரும்புதானே என்று நானும் நினைத்தவன்தான். ஆனால் இதே வகை வண்டிக்காக உலகத்தில் பல பேர் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையே கொடுத்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தபோது என் எண்ணம் மாறிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தாத்தா ஜீப் பிறந்த கதை

1940-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க ராணுவத்துக்கு லேசான, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. 135 கம்பெனிகளுக்கு எழுதினார்கள். மாதிரி வண்டி செய்து கொடுக்க 49 நாள்தான் கெடு! துணிந்து முன்வந்தவை பாண்டம், வில்லீஸ் ஓவர்லேண்ட் என்ற இரண்டே கம்பெனிகள். மூடும் நிலையில் இருந்த சின்னக் கம்பெனியான பாண்டம், கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினியரை அழைத்தது. அவர் இரண்டே நாளில் வரைபடத்தை முடித்தார். 1940 செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டி மேரிலாண்டில் உள்ள ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. டிராயிங் ஷீட் முடிக்க இரண்டு வாரம் டயம் கேட்கும் நமக்கு இது ஒரு பாடம்!

ஆனால் பாண்டத்தால் பெரிய எண்ணிக்கையில் செய்து தர முடியாது என்று ராணுவம் நினைத்தது. வரைபடத்தை வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. கடைசியில் பெரிய ஆர்டர் அவர்களுக்கே போனது. பாண்டம் செய்த ஜீப்புகள் சுமார் 2,600தான். வில்லீஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. யோசித்தவன் ஒருவன், சம்பாதித்தவன் வேறொருவன்.

போர் முடிந்ததும் வில்லீஸ் அதே வண்டியைப் பொதுமக்களுக்கு விற்றது. 1940-களின் இறுதியில் மகேந்திரா நிறுவனம் பாகங்களை வரவழைத்து பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. 1953-இல் வந்த சி.ஜே. 3பி மாடலைத்தான் நம் ஊரில் எல்லோரும் ஜீப் என்று பார்த்து வளர்ந்தார்கள். நம் வேப்பமரத்து ஜீப்பும் அதே மாடல்தான். அதன் பானெட் ஏன் அவ்வளவு உயரம் என்று யாராவது யோசித்தீர்களா? போர்க்கால ஜீப்பின் எஞ்சினில் இரண்டு வால்வும் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருக்கும். 3பி-யில் இன்லெட் வால்வை மேலே ஹெட்டுக்கு ஏற்றிவிட்டார்கள், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே தங்கிவிட்டது. எஞ்சின் உயர்ந்தது, பானெட்டும் உயர்ந்தது. அவ்வளவுதான்!

இதில் என்ன சுகம்?

லட்ச ரூபாய் காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு போகிறவனுக்குக் கிடைக்காத சுகம் இதில் என்ன? பதில் நம் சிலபஸிலேயே இருக்கிறது. இந்த வண்டியில் எதுவும் மறைவாக இல்லை.

போர்க்கால ஜீப்பின் எஞ்சின் 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். கியர் பாக்ஸில் மூன்று கியர். அதன் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ். முன் ஆக்சிலை இணைக்க ஒரு லீவர், லோ போட ஒரு லீவர். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். முதல் கியர் 2.66, லோ 1.97, ஆக்சில் 4.88. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 25½. அதாவது எஞ்சின் இருபத்தைந்தரை சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 60 குதிரைத்திறனில் சேற்றில் ஏறி வந்த ரகசியம் இதுதான். முன் ஆக்சிலை இணைக்காமல் லோ விழாது. அத்தனை இழுவையும் பின் ஆக்சிலுக்கு மட்டும் போனால் அது தாங்காது என்று முன்கூட்டியே பூட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவை போடக்கூடாது. திரும்பும்போது முன்சக்கரம் அதிக தூரமும் பின்சக்கரம் குறைந்த தூரமும் ஓடும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் வித்தியாசம் எங்கேயும் போக வழியில்லை, முறுக்கிக்கொள்ளும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்த எனக்கு, ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

ஹெட்லைட்டைக் கவனியுங்கள். போர்க்கால ஜீப்பில் ஒரு திருகைத் தளர்த்தினால் ஹெட்லைட் அப்படியே பின்பக்கம் கவிழ்ந்து எஞ்சின் மேல் வெளிச்சம் அடிக்கும். ராத்திரியில் காட்டுக்குள் வண்டி நின்றுபோனால் டார்ச் பிடிக்க ஆள் தேவையில்லை! வடிவமைத்தவன் டிரைவரின் கஷ்டத்தை யோசித்திருக்கிறான்.

மெயின்டனன்ஸ் புத்தகமும் அப்படித்தான். டி.எம். 9-803 என்ற அந்த ராணுவக் கையேடு 1944-இல் வந்தது. நம் வயதுப் பையன்கள் படித்துச் செய்வதற்காக எழுதியது. ஓட்டுமுன் என்ன பார்க்க வேண்டும், ஓட்டும்போது என்ன கேட்க வேண்டும், வழியில் நிறுத்தினால் என்ன, ஓட்டி முடித்த பிறகு என்ன, வாரம் ஒருமுறை என்ன என்று ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். வழியில் நிறுத்தினால் ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பையும் பிரேக் டிரம்மையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ கோளாறு. மீட்டர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, உள்ளங்கைதான் கருவி. இன்றும் இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் அதே புத்தகத்தை வைத்துத்தான் வேலை பார்க்கிறார்கள்.

கண்காட்சி என்னும் திருவிழா

தனியாகச் செய்யும் இந்த வேலைக்குத் துணை வேண்டாமா? அதற்குத்தான் சங்கங்கள். அமெரிக்காவில் 1976-இல் எம்.வி.பி.ஏ. என்ற ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். மிசௌரி மாநிலத்தில் இன்டிபென்டன்ஸ் என்ற ஊரில் அதன் அலுவலகம். இங்கிலாந்திலும் இதுபோல மிலிட்டரி வெஹிக்கிள் டிரஸ்ட் இருக்கிறது.

இவர்கள் கூடும் இடம் நம் மாட்டுச்சந்தையும் தேர்த்திருவிழாவும் சேர்ந்தது போல. இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள பெல்ட்ரிங் என்ற ஊரில், ஒரு பழைய பண்ணை மைதானத்தில் ‘வார் அண்ட் பீஸ்’ கண்காட்சி பல ஆண்டுகள் நடந்தது. ஜீப், லாரி, மோட்டார் சைக்கிள், டாங்கி என்று வரிசை வரிசையாக வந்து நிற்கும். சொந்தக்காரர்கள் வண்டி பக்கத்திலேயே கூடாரம் அடித்துத் தங்குவார்கள். நடுவில் ஒரு மைதானத்தில் ஓட்டிக் காட்டுவார்கள். பெரிய டாங்கிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் பாவிங்டன் டாங்கி மியூசியத்தில் நடக்கும் டாங்க்ஃபெஸ்டுக்குப் போவார்கள். 1943-இல் துனிசியாவில் பிடிபட்ட ஜெர்மன் டைகர் டாங்கியை அங்கே இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கூட்டம் மொய்ப்பது உதிரிபாகக் கடைகளில். போர்க்காலத்தில் மெழுகுத்தாளில் சுற்றிய பேரிங் பிரிக்காமல் அப்படியே கிடைக்கும். ஃபோர்டு செய்த ஜீப்பில் போல்ட்டுத் தலையில்கூட ‘எஃப்’ என்ற எழுத்து இருக்கும். அந்த ஒரு எழுத்துள்ள போல்ட்டுக்காகப் பெட்டி பெட்டியாகத் துழாவும் பெரியவர்கள் உண்டு. முன்பக்கக் குறுக்குச் சட்டம் குழாயாக இருந்தால் வில்லீஸ், கவிழ்த்த ‘ப’ போல மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. இதை வைத்தே தூரத்திலிருந்து வண்டியைச் சொல்லிவிடுவார்கள். வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று மார்க் போடும் போட்டிகளும் உண்டு. பளபளப்பு அதிகமானால் அதுவும் தப்புதான்!

கண்காட்சியோடு நிற்காமல் தொலைதூரம் ஓட்டுகிறவர்களும் உண்டு. 1919-இல் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 81 வண்டிகளில் 62 நாள் பயணம் செய்தது. பாலங்கள் உடைந்தன, வண்டிகள் மணலில் புதைந்தன. அதில் போன ஐசனோவர் என்ற இளம் அதிகாரி பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியாகி, நெடுஞ்சாலைகளைப் போட்டார். அந்தப் பயணத்தின் நினைவாக எம்.வி.பி.ஏ. உறுப்பினர்கள் 2009-இலும், நூற்றாண்டான 2019-இலும் தங்கள் பழைய வண்டிகளை ஓட்டிக்கொண்டு நாட்டைக் குறுக்காகக் கடந்தார்கள்.

கொலைக்கருவியைக் கொண்டாடலாமா?

இந்தக் கேள்வியை என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். போரில் செத்தவர்கள் கணக்கில்லாதபோது, அதன் வண்டிக்குப் பெயின்ட் அடித்து ஊர்வலம் விடலாமா?

எனக்குக் கிடைத்த பதில் நார்மண்டியில் இருக்கிறது. 1944 ஜூன் 6-ஆம் தேதி நேசநாட்டுப் படைகள் இறங்கிய பிரெஞ்சுக் கடற்கரை அது. ஆண்டுதோறும் ஜூன் மாத ஆரம்பத்தில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து பழைய ஜீப்புகள் அங்கே போகும். அன்று சண்டை போட்டவர்கள் முதியவர்களாகத் திரும்பி வந்தபோது, அந்த ஜீப்புகளில்தான் அவர்களை உட்காரவைத்து ஊருக்குள் அழைத்துப் போனார்கள். அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலரே. மனிதர் போன பிறகு, நடந்ததைச் சொல்ல வண்டியாவது மிஞ்ச வேண்டாமா?

தவிர, ஜீப் துப்பாக்கியை மட்டும் சுமக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் காயம்பட்டவர்களைச் சுமந்தது. பர்மாவில் அதன் சக்கரத்தைக் கழற்றி இரும்புச் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தில் ரயில் இழுக்க வைத்தார்கள். வண்டி என்ன செய்யும்? ஓட்டுகிறவன் சொன்னதைச் செய்யும்.

நம் நாட்டுச் சட்டம்

இங்கே ஆசைப்படுகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ராணுவத்தைத் தவிர வேறு யாரும் வண்டிக்கு ஆலிவ் பச்சைப் பெயின்ட் அடிக்கக் கூடாது. நம் ஜீப்புக்கு மேல் மேலாகப் பெயின்ட் ஏறிய காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு, 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றை மாற்றாமல் அசலாக வைத்திருக்க வேண்டும். தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடக்கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டு போகலாம்.

‘அசல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊரில் பெட்ரோல் விலைக்குப் பயந்து ஏராளமான ஜீப்புகளில் டீசல் எஞ்சினை ஏற்றிவிட்டார்கள். வேப்பமரத்து ஜீப் கல்லூரியில் முடங்கிக் கிடந்ததால் தப்பித்தது. அதில் இன்னும் அதே பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. நானும் இரண்டு நண்பர்களும் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் எண்ணெய் விட்டு நான்கு நாள் ஊறவைத்து, ஹேண்டில் போட்டுச் சுற்றினோம். சுற்றுகிறது!

முடிவாக

என் அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் டிங்கரிங் வேலை செய்கிறார். பெற்றோர் தினத்தன்று வந்தவர் ஸ்டேஜ் பக்கம் போகாமல் இந்த ஜீப்பிடம் போய் நின்றுவிட்டார். குனிந்து சேசிஸைச் சுண்டு விரலால் தட்டிக் கேட்டார். “தகரந்தான் கண்ணு போயிருக்குது. சட்டம் கெட்டியாத்தான் இருக்குது. இங்க பாரு, ஒருத்தன் பேட்ச் போட்டு எப்படித் தட்டி எடுத்திருக்கான், கோடே தெரியல” என்றார். அவர் எந்தக் கையேடும் படித்தவர் இல்லை. நான் மூன்று வருஷம் படித்தும் அந்தப் பேட்ச் என் கண்ணில் பட்டதில்லை. படிப்பும் கையும் சேர்ந்தால்தான் வண்டி எழும் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள். கண்டம் பட்டியலிலிருந்து இந்த ஒரு வண்டியை மட்டும் எடுத்துத் தரும்படி முதல்வர் அவர்களிடம் மனு கொடுப்போம். ரோட்டில் ஓட்ட வேண்டாம், அடுத்த ஆண்டு விழாவில் வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓடினால் போதும். டீசல் மாற்ற வேண்டாம், அலாய் வீல் வேண்டாம், அசலாகவே செய்வோம். தகர வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாக அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் இந்த வருஷத்தோடு வெளியே போய்விடுவேன். முதலாமாண்டு, இரண்டாமாண்டுத் தம்பிகளே, தங்கைகளே, ஸ்பேனரைப் பிடிக்கப் போவது நீங்கள்தான்!

ஏல அறிவிப்பு வருமுன் கையெழுத்துப் போடுங்கள். மனுவின் தாள் ஆட்டோ ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் இருக்கிறது.