பறப்பவருக்கும் தாகம் உண்டு

ஆலையில் உழைப்பவனுக்குக் குடிதண்ணீர் தருவது முதலாளியின் கடமை என்று சொன்னால் இன்று மறுப்பார் எவருமில்லை. 1948-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் அந்தக் கடமையை எவ்வளவு நுணுக்கமாக விதித்தது என்பதைச் சட்ட மாணவன் என்ற முறையில் படித்தபோது வியந்துபோனேன். தண்ணீர் வைக்கும் இடத்தில் ‘குடிநீர்’ என்று, தொழிலாளரில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் எழுதவேண்டும். கழிவறைக்கு அருகில் வைக்கலாகாது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையானால் கோடையில் குளிர்ந்த நீர் தரவேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் இப்போது பழைய சட்டத்தின் இடத்தில் இருக்கிறது. அதிலும் குடிநீர் மறக்கப்படவில்லை.

ஆனால், நண்பர்களே, தரையை விட்டு 35,000 அடி உயரத்தில் வேலை செய்பவர்களின் தாகத்தைப் பற்றி நாம் எண்ணியதுண்டா? இரயிலில் ஒன்றரை நாள் ஆகும் தில்லி–சென்னைப் பயணத்தை மூன்று மணி நேரத்தில் முடிக்கும் வசதி படைத்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களாவது எண்ணியிருப்பார்களா என்பது ஐயமே!

அவ்வளவு உயரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் போகும். அத்தகைய குளிர்காற்றில் ஈரம் அநேகமாக இராது. பெரும்பாலான விமானங்களில் இந்தக் காற்றைத்தான் இயந்திரம் அழுத்திச் சூடாக்க, பிறகு பதப்படுத்தி உள்ளே விடுகிறார்கள். ஆகவே நீண்ட பயணத்தில் உள்ளிருக்கும் ஈரப்பதம் நூற்றுக்கு 10 முதல் 20 வரைதான். தில்லியில் லூ காற்று வீசும் மே மாதத்துப் பிற்பகலின் வறட்சி அது. லூ வீசும்போது உடல் எரிகிறது. தண்ணீரைத் தேடி ஓடுகிறோம். விமானத்திலோ குளிர்ச்சியாக இருப்பதால் வியர்வை உலர்வதே தெரிவதில்லை.

விமானத்தில் ஏறினாலே உடலின் நீரெல்லாம் வற்றிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. சும்மா உட்கார்ந்திருக்கும் பயணிக்குக் கண்ணும் மூக்கும் தொண்டையும் காய்வதே பெரிய தொல்லை. பணியாளர் நிலை வேறு. உணவு வண்டியைத் தள்ளுவதும், குனிந்து நிமிர்வதும், ஒரே நாளில் மூன்று நான்கு முறை ஏறி இறங்குவதும், இடையிடையே கதவு திறந்த விமானத்தில் தரையின் வெக்கையைத் தாங்குவதும் அவர்கள் வேலை.

என் விடுதித் தோழர் ஒருவரின் தமக்கையார் விமானப் பணிப்பெண். அவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “தம்பி, முதல் பயணத்தில் பாட்டில் நிறைய இருக்கும். மூன்றாவது பயணத்தில் தேடவேண்டும். மிச்சமிருப்பதைப் பயணி கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? இருந்தாலும் நான் அதிகம் குடிப்பதில்லை. கழிவறை வாசலில் எப்போதும் வரிசை நிற்கும்” என்றார். தண்ணீர் இருந்தும் குடிக்காமலிருக்கும் இந்தக் கொடுமை எனக்கு முன்பு தோன்றவேயில்லை.

விமானத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே என்பீர்கள். அந்தத் தொட்டியின் சுத்தம் எப்போதும் நம்பத் தக்கதன்று. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விமானங்களின் குழாய் நீரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 15 விமானங்கள் அளவில் கோலிபார்ம் கிருமிகள் தென்பட்டன. அதன் பின்னரே, 2009-இல், தொட்டிகளைக் கிருமிநீக்கம் செய்து கழுவவும் சோதிக்கவும் அங்கே விதி பிறந்தது. ஆகையால் பணியாளருக்கு மூடிய பாட்டில்தான் கதி.

பாட்டில் பாரம், பாரம் எரிபொருட்செலவு என்பது கம்பெனிகள் சொல்லக்கூடிய காரணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 180 இருக்கைகள் கொண்ட விமானத்தில் விமானிகள் இருவர், பணியாளர் நால்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் என்றால் 12 கிலோ. ஊருக்குப் போகும் நம் மாணவர் ஒருவர் ஊறுகாய் ஜாடியோடு திரும்பிக் கொண்டுவரும் பெட்டி இதைவிடக் கனக்கும்!

சட்டம் என்ன செய்கிறது? எல்லா வேலையிடங்களிலும் குடிநீர் தரவேண்டும் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையின் விதி கூறுகிறது. ஆனால் பறக்கும் ஊழியர் தன் அதிகாரத்துக்கு உட்பட்டவர் என்று அந்நாட்டு விமானத் துறை 1975-இல் அறிவித்துவிட்டது. 2013-இல் சிறிது இறங்கிவந்து, விமானப் பணியாளர்களுக்குத் தொழிற்பாதுகாப்பு விதிகளில் மூன்றை மட்டும் அனுமதித்தது: இரசாயன ஆபத்து பற்றிய அறிவிப்பு, இரத்தம்வழித் தொற்று, செவிப் பாதுகாப்பு. குடிநீர் அம்மூன்றில் இல்லை. இரு துறைகளின் எல்லைச் சண்டையில் தண்ணீர் நடுவானில் நின்றுவிட்டது.

ஐரோப்பிய விதி சற்று மேல். பணிநேரத்தில், சிறப்பாக அது 6 மணிக்கு மேற்படும்போது, உண்ணவும் பருகவும் வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. ‘வாய்ப்பு’ என்ற சொல்லை நான் மெச்சுகிறேன். பாட்டில் இருந்தால் மட்டும் போதாது, குடிக்க ஐந்து நிமிடமும் வேண்டும் என்பது அதில் அடங்கிவிடுகிறது. அளவைத்தான் அது சொல்லவில்லை. கப்பல் தொழிலாளருக்கான 2006-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையோ, தரமும் அளவும் போதிய குடிநீர் வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஊழியருக்கென்று தனியாக எண்ணிய பாட்டில்கள், பயணிகளுக்குரியவற்றோடு கலவாமல், ஒவ்வொரு பயணத்துக்கும் ஏற்றப்படவேண்டும். ஏற்றிய எண்ணிக்கையை, எரிபொருள் அளவைக் குறிப்பதுபோல், புறப்படும் முன் குறித்து வைக்கவேண்டும். தரையில் நிற்கும் நேரத்தில் பயணிகள் ஏறத் தொடங்குமுன், கழிவறைக்குப் போய்வரவும் சேர்த்துச் சில நிமிடங்கள் ஒதுக்கவேண்டும்.