வாயில்லா ஜீவன் சொன்ன கதை

நாய் தன் கதையைத் தானே சொன்னால் எப்படி இருக்கும்? 'பியூட்டிஃபுல் ஜோ' என்ற ஆங்கில நாவல் அப்படி எழுதப்பட்டதுதான். படித்து முடித்ததும், குழந்தை வளர்க்கும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எழுதியவர் கனடா நாட்டுப் பெண்மணி மார்கரெட் மார்ஷல் சாண்டர்ஸ் (1861–1947). பெண் எழுதியது என்று தெரியக்கூடாதென்று 'மார்கரெட்'டை விட்டுவிட்டு, 'மார்ஷல் சாண்டர்ஸ்' என்று போட்டுக்கொண்டார். பிராணிகளிடம் அன்பு காட்டச் சொல்லித்தரும் அமெரிக்கச் சங்கம் ஒன்று நடத்திய போட்டியில் இதற்குப் பரிசு கிடைத்தது. 1893-94-ல் வெளிவந்த இந்தப் புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கனடாவின் மீஃபோர்டு என்ற ஊரில் நிஜமாகவே வாழ்ந்த ஒரு நாய்தான் கதைக்கு மூலம். அதன் பெயரில் இன்றும் அங்கே பூங்கா இருக்கிறது.

கதையில், ஜோ ஒரு பால்காரன் வீட்டில் பிறக்கிறது. தொழுவமெல்லாம் ஒரே அழுக்கு. பசுக்களுக்கு வயிறாரத் தீனி கிடையாது. கூடப்பிறந்த குட்டிகளை அவன் கொன்றுவிடுகிறான். அந்த ஏக்கத்திலேயே தாய் நாயும் செத்துப் போகிறது. அதன் உடலை அவன் காலால் உதைக்க, ஜோ பாய்ந்து கடிக்கிறது. உடனே கோடாலியை எடுத்து ஜோவின் காதுகளையும் வாலையும் வெட்டிவிடுகிறான், பாவி! அந்த வழியே சைக்கிளில் வந்த இளைஞன் ஒருவன் அலறல் கேட்டு ஓடிவந்து காப்பாற்றுகிறான். மாரிஸ் என்ற பாதிரியாரின் வீட்டில் அடைக்கலம் கிடைக்கிறது. மகள் லாரா பச்சைக் குழந்தையைப் போல அதைப் பார்த்துக்கொள்கிறாள். காதும் வாலும் இல்லாத நாய்க்கு அந்த வீட்டார் வைத்த பெயர் 'அழகு ஜோ'!

எனக்கு மிகவும் பிடித்தவள் திருமதி மாரிஸ்தான். வீடு நிறைய முயலும் புறாவுமாக வளர்க்கப் பையன்களை விடுகிறாள். தன்னை நம்பி ஒரு ஜீவன் இருந்தால், பிள்ளை சுயநலம் இல்லாமல் வளருவான் என்பது அவள் கணக்கு.

நாம் என்ன செய்கிறோம்? குழந்தை நாய்மேல் கல்லை ஓங்கினால், "அடிக்காதே, கடிச்சிடும்!" என்கிறோம். பயம்தான் மனசில் பதிகிறது. "அடிக்காதே, அதுக்கு வலிக்கும்" என்று சொல்லிப் பாருங்களேன். புத்தகம் முழுக்க ஜோ சொல்வதும் அதைத்தான்.

அன்பு என்றால் தெரு நாயைக் கட்டிக்கொள்வது என்று அர்த்தமில்லை. சாப்பிடும் நாய், குட்டி போட்ட நாய் கிட்டே போகக்கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். தப்பித் தவறிக் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஊசி போட்டுவிடுங்கள்.

ராத்திரி சாப்பாடு ஆனதும் ஜோவின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். ரொம்பச் சின்னக் குழந்தையானால் கோடாலி சமாசாரத்தை விட்டுவிடலாம். ஆனால் ஜோவே பேசுவது போல, "நான்" என்றே சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, "இப்போ ஜோவுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். பதிலைக் குழந்தையே சொல்லட்டும்.