குருதி மாதிரிக் குழாய்களும் சேர்பொருள்களும்: தமிழ்க் கலைச்சொற்கள் குறித்த ஒரு மறுபார்வை (நாஞ்சில் நாட்டுச் சூழலை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவ ஆய்வகங்களில் குருதி சேகரிக்கும் குழாய்கள் பெரும்பாலும் மூடியின் நிறத்தாலோ வணிகப் பெயராலோ சுட்டப்படுகின்றன. இவ்விரு வழக்குகளும் குழாயினுள் உள்ள பொருளையோ அதன் செயலையோ உணர்த்துவதில்லை. இவற்றுக்கு ஈடாகத் தமிழில் வழங்கும் குழாய், உறைதல், ஊநீர் ஆகிய சொற்களும் பொருள் மயக்கம் உடையன. சேர்பொருள் குருதியில் ஆற்றும் செயலை அடிப்படையாகக் கொண்டு பெயரிடுவதே பிழையைத் தவிர்க்கும் வழி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், குருதி மாதிரிக் குழாய், சேர்பொருள், உறைவெதிர்ப்பி, நாஞ்சில் நாடு.

முன்னுரை

தமிழ் வழி மருத்துவக் கலைச்சொல்லாக்க வரலாற்றில் கன்னியாகுமரி மாவட்டத்திற்குத் தனியிடம் உண்டு. 1838ஆம் ஆண்டு நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழ் வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875இல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. ஒலிபெயர்த்த சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுக்கும் முறைக்கு அந்நூலின் பெயரே சான்று.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியுடன் இணைந்திருந்த இம்மாவட்டம் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் எல்லைப் பகுதியாகும். குருதி, இரத்தம், உதிரம் ஆகியவற்றோடு மலையாளச் ‘சோர’யும் எல்லையோரப் பேச்சில் செவிப்படுவதுண்டு. ‘சோரி’ என்பது பழந்தமிழிலும் குருதியைக் குறிக்கும் சொல்லே. இத்தகைய சொல்வளம் உள்ள இடத்திலும் குருதியை ஏந்தும் கலத்திற்கு மட்டும் தெளிவான தமிழ்ப்பெயர் நிலைபெறவில்லை.

நிறப்பெயரும் வணிகப்பெயரும்

‘ஊதா மூடிக் குழாய்’, ‘சிவப்பு மூடிக் குழாய்’ என்பன ஆய்வகத்தில் விரைவாகப் புரியும் வழக்குகள். ஆயினும் நிறம் உலகப் பொதுமொழி அன்று. இந்தியாவில் பரவலாக உள்ள முறைப்படி ஈ.டி.டி.ஏ. குழாய்க்கு ஊதா மூடியும், உறைவெதிர்ப்பி அற்ற குழாய்க்குச் சிவப்பு மூடியும், ஹெப்பாரின் குழாய்க்குப் பச்சை மூடியும் உரியன. ஐரோப்பாவில் வழங்கும் மற்றொரு நிறமுறையில் சிவப்பு ஈ.டி.டி.ஏ.யையும், பச்சை சிட்ரேட்டையும், ஊதா குருதி அணு படிதல் வீதத்திற்குரிய சிட்ரேட்டையும் குறிக்கின்றன. ஆகவே நிறத்தைப் பெயராக எழுதும் பாடநூல் ஒரு முறையைக் கற்றவரை மற்றொரு முறையில் தவறச் செய்யும்.

‘வாக்குட்டெய்னர்’ என்பது ஒரு நிறுவனத்தின் வணிகக் குறி; பொதுப்பெயர் அன்று. அதனை எல்லா வெற்றிடக் குழாய்களுக்கும் வழங்குவது பேச்சில் இயல்பாயினும் ஆய்வுரையில் பொருந்தாது.

‘குழாய்’ என்னும் சொல்

இக்கலத்தை ‘இரத்தக் குழாய்’ எனச் சுருக்கி எழுத இயலாது. அத்தொடர் உடலினுள் ஓடும் நாளத்திற்கு உரியது. ‘வெற்றிடக் குழாய்’ எனின் அது மின்னணுவியலில் பழைய வானொலிகளில் இருந்த கருவியைச் சுட்டும். ‘சோதனைக் குழாய்’ வேதியியல் ஆய்வகத்தின் பொதுக் கலம். ஆதலின் ‘குருதி மாதிரிக் குழாய்’ என்பதே மயக்கமற்றது. உள்ளழுத்தம் குறைக்கப்பட்ட வகையை ‘வெற்றிடக் குருதி மாதிரிக் குழாய்’ என விரித்துரைக்கலாம்.

‘உறைதல்’ என்னும் சொல்

பால் தயிராக உறைவதும், நீர் பனிக்கட்டியாக உறைவதும், குருதி உறைவதும் தமிழில் ஒரே வினையால் உணர்த்தப்படுகின்றன. ஆய்வகத்தில் இது சிறு குறை அன்று. குருதி உறைவுச் சோதனைகளுக்கான நீர்மம் தொலைவிடத்திற்கு அனுப்பப்படும்போது கடுங்குளிரில் உறையவைக்கப்படுவதுண்டு. அது ஏற்கத்தக்க மாதிரி. அதே சோதனைக்கு எடுத்த குருதி குழாயினுள் கட்டிப்பட்டிருந்தால் அது தள்ளத்தக்க மாதிரி. ‘உறைந்த மாதிரி’ என்னும் தொடர் இவ்விரண்டையும் குறிக்குமாயின், ஏற்க வேண்டியதும் தள்ள வேண்டியதும் ஒரே பெயரைப் பெறுகின்றன.

‘இரத்தம் கட்டிவிட்டது’ என்னும் மக்கள் வழக்கு இங்குத் துணைபுரிகிறது. ‘இரத்தக்கட்டு’ என்னும் பெயர்ச்சொல் அடிபட்ட வீக்கத்திற்கும் வழங்குவதால் அதனை விடுத்து, ‘கட்டிய மாதிரி’, ‘உறைகுளிரில் வைத்த மாதிரி’ என இரண்டையும் பிரித்து எழுதலாம். பாடநூல்களில் வேரூன்றிய ‘உறைவு’ என்னும் பெயரைக் குருதியின் செயலுக்கு மட்டும் நிறுத்தி, உறைவெதிர்ப்பி, உறைவூக்கி என்னும் ஆக்கங்களைத் தொடரலாம்.

‘ஊநீர்’ என்னும் சொல்

உறைவெதிர்ப்பி சேர்த்த குருதியைச் சுழற்றிப் பிரித்தால் மேலே நிற்பது பிளாஸ்மா. அதில் ஃபைப்ரினோஜன் உள்ளது. குருதியை உறையவிட்டுப் பிரித்தால் கிடைப்பது சீரம். உறைவின்போது ஃபைப்ரினோஜன் செலவழிந்துவிடுகிறது. தமிழ் எழுத்துகளில் ‘ஊநீர்’ சிலவிடத்துச் சீரத்தையும் சிலவிடத்துப் பிளாஸ்மாவையும் சுட்டக் காணலாம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பிளாஸ்மாவுக்குத் ‘திரவவிழையம்’ என்ற சொல் உண்டு. உறைவு நேரத்தை அளக்கும் சோதனையைச் சீரத்தில் செய்ய இயலாது. எனவே பிளாஸ்மாவைக் ‘குருதி நீர்மம்’ எனவும், உறைவு நீங்கித் தெளிந்து நிற்பதாகிய சீரத்தைக் ‘குருதித் தெளிநீர்’ எனவும் வரையறுப்பது தகும், ‘ஊநீர்’ தவிர்க்கத்தக்கது.

சேர்பொருள்களின் செயல்வழிப் பெயர்கள்

குழாயில் முன்னரே இடப்பட்டுள்ள பொருளைக் ‘கூட்டுப்பொருள்’ எனின் வேதியியற் சேர்மத்தோடு மயங்கும், ‘சேர்பொருள்’ தெளிவானது. வேதிப்பெயர்களை ஒலிபெயர்த்து நிறுத்தி, செயற்பெயரைத் தமிழில் அமைக்கலாம்.

1. *கால்சியம் பிணைக்கும் உறைவெதிர்ப்பி:* ஈ.டி.டி.ஏ., சிட்ரேட் ஆகியன குருதியின் கால்சியத்தைப் பிணைத்து உறைவைத் தடுக்கின்றன. அணுக்களின் வடிவத்தைக் காப்பதால் ஈ.டி.டி.ஏ. அணு எண்ணிக்கைக்கு உரியது. சிட்ரேட்டில் விகிதமும் பெயரின் பகுதியாக வேண்டும்: உறைவுச் சோதனைக்குக் குருதி ஒன்பது பங்கு, சிட்ரேட் கரைசல் ஒரு பங்கு; அணு படிதல் வீதத்திற்கு நான்கு பங்குக்கு ஒரு பங்கு. ‘சிட்ரேட் குழாய்’ என்று மட்டும் எழுதுவது குறையுடையது.

2. *திராம்பின் தடுக்கும் உறைவெதிர்ப்பி:* ஹெப்பாரின் கால்சியத்தைப் பிணைப்பதில்லை. குருதியில் இயல்பாக உள்ள ஆன்டித்திராம்பினின் செயலை விரைவுபடுத்துகிறது.

3. *சர்க்கரைச் சிதைவுத் தடுப்பி:* சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் உள்ள சோடியம் ஃபுளோரைடு, குருதி அணுக்கள் குளுக்கோசைச் செலவழிப்பதைத் தடுக்கிறது. உடன் உள்ள பொட்டாசியம் ஆக்சலேட்டே முதன்மையான உறைவெதிர்ப்பி. ஃபுளோரைடின் தடுப்பு முழுமை பெறச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் குளுக்கோஸ் ஓரளவு குறையும்.

4. *உறைவூக்கி:* கண்ணாடிப் பரப்பு தானே உறைவைத் தூண்டும்; நெகிழிப் பரப்பு அவ்வாறு தூண்டாது. ஆதலின் நெகிழிக் குழாயின் உட்புறத்தில் சிலிக்கா பூசப்படுகிறது. சிவப்பு மூடியுள்ள நெகிழிக் குழாயை ‘வெறுங்குழாய்’ என அழைப்பது பெரும்பாலும் பிழையாவது இதனால்தான்.

பெயர்ப் பிழையும் நோயாளியும்

ஊதா மூடிக் குழாயில் தவறுதலாக எடுத்த குருதியைச் சிவப்பு மூடிக் குழாய்க்கு மாற்றி ஊற்றினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ஈ.டி.டி.ஏ.யின் பொட்டாசிய உப்பும் உடன் செல்கிறது. பொட்டாசியம் மிகுந்தும் கால்சியம் குறைந்தும் அறிக்கை வரும். இல்லாத இடருக்கு மருத்துவம் தொடங்கப்படலாம். சிட்ரேட், தெளிநீர்க் குழாய், ஹெப்பாரின், ஈ.டி.டி.ஏ., ஃபுளோரைடு என்னும் வரிசையில் குருதி எடுக்க அறிவுறுத்தப்படுவதும் ஒரு குழாயின் சேர்பொருள் அடுத்ததில் கலந்து முடிவைக் கெடுக்காதிருப்பதற்கே. நிறத்தை மட்டும் மனனம் செய்தவருக்கு இவ்வரிசை ஒரு சடங்கு; ‘கால்சியம் பிணைக்கும் உறைவெதிர்ப்பி’ எனக் கற்றவருக்கு அதன் காரணம் பெயரிலேயே விளங்கும்.

முடிவுரை

குருதி மாதிரிக் குழாயின் முழுப்பெயர் சேர்பொருளின் வேதிப்பெயர், அதன் செயல், தேவைப்படின் விகிதம் ஆகிய மூன்றையும் கொண்டிருத்தல் வேண்டும். நிறம் துணைக்குறிப்பாக மட்டும் இடம்பெறலாம். ஒலிபெயர்ப்பையும் தமிழாக்கத்தையும் எதிரெதிராக நிறுத்தாமல், பொருளுக்கு ஒலிபெயர்ப்பும் செயலுக்குத் தமிழும் எனப் பகுத்துக் கொள்வது பயன்தரும். ‘கெமிஸ்தம்’ அச்சேறிய மண்ணில், நெய்யூர் முதல் ஆசாரிப்பள்ளம் வரை மருத்துவப் பணி வேரூன்றிய சூழலில், மருத்துவ ஆய்வகக் கல்வியாளரும் தமிழாய்வாளரும் இணைந்து இச்சொற்களைப் பயன்பாட்டில் சோதித்துச் செப்பனிடுதல் அடுத்த பணியாகும்.