நூலில் விளையும் நிறங்கள்

காவிரியின் மேற்குக் கரையில் ஈரோடும் கிழக்குக் கரையில் பள்ளிபாளையமும் எதிரெதிரே அமைந்துள்ளன. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளிபாளையத்தில் நெசவு முதன்மையான தொழில்களுள் ஒன்று. தறியோசையோடு நிறங்களைப் பற்றிய நுட்பமான அறிவும் இங்குத் தலைமுறைகளாக வளர்ந்து வந்துள்ளது.

தறியில் நீளவாக்கில் அமைவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஓவியர் நீலத்தையும் மஞ்சளையும் குழைத்துப் பச்சையைப் பெறுகிறார். நெசவாளர் நிறங்களைக் குழைப்பதில்லை, அருகருகே வைக்கிறார். ஒவ்வொரு நூலும் தன் நிறத்தோடே இருக்க, காண்பவரின் கண் அவற்றைக் கலந்துகொள்கிறது. பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் இட்டு நெய்தால், துணி அசையுந்தோறும் ஒரு நிறம் மேலோங்கி மற்றொன்று மங்கும். இதனை ‘மயில்கழுத்து நிறம்’ என்பர்.

கட்டம் போட்ட துணியில் இந்நுட்பம் மேலும் விரிகிறது. பாவில் 4 நிறங்களையும் ஊடையில் அதே 4 நிறங்களையும் பட்டைகளாக இட்டால் 16 கட்டங்கள் உருவாகும். அவற்றுள் 4 கட்டங்கள் தனிநிறம் உடையவை. எஞ்சிய 12 கட்டங்களில் 6 கலப்பு நிறங்கள் இருமுறை வரும். ஆகவே, 4 நிற நூல்கள் 10 நிறங்களைத் தருகின்றன.

பாரிசு நகரின் கோபெலின் நெசவுக்கூடத்தில் 1824ஆம் ஆண்டு சாயப்பிரிவுப் பொறுப்பேற்றவர் வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல். அங்குக் கருப்புச் சாயம் மங்கலாகத் தெரிவதாகக் குறை எழுந்தது. சாயத்தில் பழுதில்லை, அருகிலிருந்த நீலமும் ஊதாவுமே கருப்பை மங்கச் செய்தன என்று அவர் கண்டறிந்தார். 1839இல் வெளிவந்த அவரது நூல் பிற்கால ஓவியர்களுக்கும் வழிகாட்டியது. தறி ஓவியத்திற்கு ஆசானான நிகழ்வு அது.

நிறத்திற்கு ஒரு விலையும் உண்டு. பருத்தி நூலில் சாயம் பற்றுவதற்குப் பெருமளவில் உப்புச் சேர்க்கப்படுகிறது. அவ்வுப்பு நூலில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் சாயக்கழிவு காவிரியில் கலப்பது நெடுநாளைய சிக்கல். கழிவுநீரைச் சுத்திகரிப்பதே இதற்கு முதன்மையான தீர்வு. எனினும், வடிவமைப்பாளருக்கும் இதில் பங்குண்டு. மேற்கண்ட 4 நிறங்களுள் ஒன்றாகச் சாயமேற்றாத நூலின் இயல்பு நிறத்தைக் கொண்டால், பட்டைகள் சம அளவினவாயின், சாயமேற்ற வேண்டிய நூலில் கால் பங்கு குறையும். துணியின் 10 நிறங்களோ குறைவதில்லை. கற்பனை வளம், சாயத்தின் மிகுதியில் இல்லை. இருக்கும் நூல்களை இணைக்கும் அறிவில் இருக்கிறது.