நெடுமையும் குறியும்

தமிழிலக்கியத்திற் பெண்கள் பந்தாடும் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. சீவக சிந்தாமணியில் விமலை ஆடிய பந்து தெருவில் வந்து விழ, அதனாலே அவளும் சீவகனும் ஒருவரையொருவர் காண்கின்றனர். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகின்றாள். இவ்விடங்களிற் புலவரின் கண் பெரிதும் பந்தின்மேல் நில்லாது. ஆடுபவளின் கூந்தலிலும் வளையலிலும் இடையிலுமே தங்கிவிடும். பெருங்கதையிலே வத்தவ காண்டத்தில் வரும் ‘பந்தடி கண்டது’ என்னும் பகுதி சற்று வேறானது. அங்கே மகளிர் ஒருவர்பின் ஒருவராய்ப் பந்தடிக்க, இவள் இத்தனை அடித்தாள், அவள் அத்தனை அடித்தாள் என்று கணக்கும் சொல்லப்படுகின்றது. எல்லாரையும் மிஞ்சியவள் மானனீகை; கோசல மன்னன் மகளாய்ப் பிறந்து, சிறைப்பட்டு வந்து ஏவல்செய்திருந்தவள். கொங்குவேளிரும் அழகை வருணியாது விட்டாரல்லர். ஆயினும் எண்ணிக்கை என ஒன்று இருப்பதனால், ஆடினவளின் திறமைக்கு அங்கே சாட்சி கிடைத்துவிடுகின்றது.

நம் காலத்தில் அவ்வாறு எண்ணிப் பார்க்கவேண்டிய ஆட்டத்துக்குரியவர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினையிற் பிறந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயின்று, இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்குத் தலைமகளாய் விளங்கியவர். அவர் உயரம் ஆறடி பத்தங்குலம். பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் இவ்வுயரத்தையே முதலில் எழுதின. பல, அதனோடு முடித்தும் விட்டன. உயரம் பிறப்பில் வந்தது. குறி அவ்வாறு வருவதன்று. இவ்வேறுபாட்டைச் சொல்லவே இக்கட்டுரை.

முன்னர் ஆட்டத்தின் வரலாற்றிற் சிறிது. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பீச்சுப் பழக் கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தை உண்டாக்கினார். அது கடல்கடந்து இங்கிலாந்தின் மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரியொன்றை அடைந்து, அங்கே உருமாறி வலைப்பந்து ஆயிற்று. அவுஸ்திரேலியர் 1970வரை இதனை மகளிர் கூடைப்பந்து என்றே வழங்கினர். இலங்கையில் இதற்கு வித்திட்டது நம் கண்டிதான்: கண்டிப் பெண்கள் உயர் பாடசாலையில் 1921இல் ஜெனி கிறீன் என்னும் ஆசிரியை இதனைப் புகுத்தினார். நாட்டுக்கு நாடு வேறுபட்டுக் கிடந்த விதிகளை ஒன்றாக்குதற்குப் பல தேசத்தார் 1960இற் கூடியதும் இலங்கையிலேயே. 1963இல் ஈஸ்ட்போர்ணில் நடந்த முதல் உலகப் போட்டியில் நம் நாட்டு அணியும் ஆடிற்று.

கூடைப்பந்தில் வளையத்தின் பின்னே ஒரு பலகை உண்டு. பிழைபட்ட எறிகூட அதிற் பட்டுத் திரும்பி உள்ளே விழலாம். வலைப்பந்தில் அப்பலகை இல்லை. பத்தடி உயரத்திலே பதினைந்து அங்குல விட்டமுள்ள வெறும் வளையம். பந்தைப் பிடித்தவர் மூன்று விநாடிக்குள் அதனை விட்டுவிடவேண்டும். பந்தோடு ஓடவும் ஆகாது. அணியில் எழுவர் இருப்பினும் இலக்கில் இடும் உரிமை இருவருக்கே. அவரும் அரைவட்டத்தினுள் நின்றே இடவேண்டும். எதிரி மூன்றடி விலகி நின்று கையை மட்டும் நீட்டித் தடுக்கலாம். இந்த மூன்றடிதான் நெடியாளுக்கு வாய்ப்பு. மேலே தூக்கிப் போட்ட பந்தைத் தர்ஜினி எல்லார் தலைக்கும் மேலே பற்றிவிட்டால், பின்னர் அவரும் வளையமுமே. ஆனால் அந்நொடியில் உயரம் செய்யவேண்டியது முடிந்துவிட்டது. பலகையின் துணையின்றி அப்பந்தை வளையத்தினுள் இறக்குவது கையின் பழக்கம். ஆயிரமாயிரம் முறை எறிந்து பெற்ற பழக்கம்.

2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்திற் பதினாறு நாடுகள் ஆடின. இலங்கை அட்டவணையின் அடிப்பகுதியிலேயே நின்றது. எனினும் அப்போட்டியில் மிகுதியான கோல்களைப் போட்டவர் தர்ஜினி. எண்ணிக்கை 348. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உள்ள பெரும்பெயர் பெற்றோர் அனைவரும் இவ்வெண்ணுக்குக் கீழேயே நின்றனர். தோற்கும் அணிக்கு வளையத்தருகே பந்து வருவதே குறைவு என்பதையும் நினைத்துக்கொள்க.

வகுப்பறையிற் பல்லாண்டு நின்றவன் என்னும் முறையில் ஒன்று கூறுவேன். இத்திகனப் பக்கத்திலும் சரி, சுற்றியுள்ள தோட்டங்களிலும் சரி, பதின்மூன்று வயதில் விரைந்து வளர்ந்துவிட்ட பெண்பிள்ளை முதலிற் கற்பது கூனுதலையே. ‘பனை’, ‘கொக்கு’ என்னும் பட்டங்களை உடன்பயில்வோர் சூட்டுவர். மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று வீட்டார் கவல்வர். நம் புலவர்களும் பாதாதிகேசம் பாடி அடிமுதல் முடிவரை அளந்தார்களேயன்றி, நெடிய பெண்ணொருத்தியை நெடுமைக்காகவே புகழ்ந்து நிறுத்தியவர் மிகச் சிலர். இப்பிள்ளைகளிடம் தர்ஜினியின் உயரத்தைச் சொன்னால் வியப்பார்கள். 348 என்று சொல்லும்போதுதான் நிமிர்ந்து உட்காருகின்றார்கள்.

பிழைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் மகளிர் கூடைப்பந்துக்கெனச் சம்பளத் தொடர் 1997இல் ஆட்டத்தைத் தொடங்கிற்று; அவுஸ்திரேலியாவின் சுப்பர் நெட்போல் தொடர் 2017இற் பிறந்தது. இலங்கையில் அத்தகைய தொடர் இல்லை. இங்குள்ள வீராங்கனையர் பலர் வங்கிகளிலோ முப்படைகளிலோ வேலைபெற்று, அந்நிறுவன அணிக்கு ஆடிப் பிழைப்பர். தமிழகத்தில் இந்தியக் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரைக்கும் தென்னக இரயில்வேதான் சோறிட்டது. ஆட்டம் விருந்து, உத்தியோகம் அடிசில். தர்ஜினி ஒருபடி மேற்சென்று அவுஸ்திரேலியாவிற் கழகங்களுக்கு ஆடினார். தாய்நாட்டில் இல்லாத தொழிலைத் தேடிப் பிறநாடு சென்றது குறைகூறத்தக்கதன்று. வித்துவான்களும் பாணரும் செய்ததே அது.

அவர் ஆட்டத்துக்கு நாட்டின் வரலாறும் பின்னணி ஆயிற்று. போர் முடிந்த அதே 2009ஆம் ஆண்டில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது, சிங்கள மங்கையர் நிறைந்த அணியிலே வளையத்தின்கீழ் நின்றவர் வடக்கிலிருந்து வந்த இத்தமிழ்ப் பெண். பின்னர் எழிலேந்தினி சேதுகாவலரும் தேசிய அணியிற் சேர்ந்தார். ஒன்பதாண்டு கிண்ணமின்றிக் கழிந்தபின், 2018இல் சிங்கப்பூரிலே அந்நாட்டு அணியை 69–50 என வென்று இலங்கை மீண்டும் ஆசியாவிற் தலைநின்றது. அதற்கென அவுஸ்திரேலியாவிலிருந்து தர்ஜினி அழைக்கப்பட்டு வந்திருந்தார். 2022இலும் அழைத்தார்கள். பெரும்பாலார் ஆட்டத்தை விட்டுவிடும் வயதிலே மறுபடியும் வந்து ஆடினார். சிங்கப்பூரில் இலங்கை ஆறாவது முறையாக அக்கிண்ணத்தைப் பெற்றது.